ஜான் ஹண்டர்: கால் எலும்பின் வளர்ச்சியையும் இரத்த வழிகளையும் ஆராய்ந்த அறுவை மருத்துவர்

காலில் அடிபட்டு எக்ஸ்-ரே எடுத்துக்கொள்பவர்களில் சிலர், படத்தில் எலும்பின் ஒரு பக்கத்தில் சாய்வாகச் செல்லும் மெல்லிய கருங்கோட்டைக் கண்டு, எலும்பு விரிந்துவிட்டதோ என அஞ்சுவதுண்டு. அக்கோடு முறிவாகவும் இருக்கலாம்; எலும்பினுள் இரத்தக்குழாய் நுழையும் இயற்கையான வழியாகவும் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்தி அறிவது மருத்துவரின் பணி. அந்த வழி ஏன் அங்கே அமைந்துள்ளது, ஏன் சாய்வாக உள்ளது, ஏன் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்னும் வினாக்களுக்கு விடை காண்பதற்கு, எலும்பு வளரும் முறையை முதலில் அறிய வேண்டும். அம்முறையைச் சோதனைகளால் தெளிவுபடுத்தியவர்களுள் முதன்மையானவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் ஹண்டர். அடைபட்ட தமனிக்கு மாற்றாகக் காலில் வேறு வழிகள் திறந்துகொள்ளும் என்பதை நம்பி ஒரு மனிதரின் காலைக் காப்பாற்றியவரும் அவரே. அவரது வாழ்வையும், அதன் வழியே நம் கால் எலும்புகளின் இரத்த ஓட்டத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஊட்டத்துளை என்றால் என்ன?

எலும்பு உயிருள்ள உறுப்பு. பிற உறுப்புகளைப் போலவே அதற்கும் இரத்தம் இடைவிடாது தேவை. நீண்ட எலும்புகளின் தண்டுப் பகுதியில் சிறு துளை ஒன்று காணப்படும். இதனை ஊட்டத்துளை என்பர். இத்துளை வழியாக ஊட்டத்தமனி எலும்பினுள் நுழைந்து, மேலும் கீழுமாகக் கிளைத்து, மச்சைக்கும் எலும்புச் சுவரின் உட்பகுதிக்கும் இரத்தம் அளிக்கிறது. சுவரின் வெளிப்பகுதிக்கு எலும்பின் மேலுறையில் படர்ந்துள்ள நுண்குழாய்கள் இரத்தம் அளிக்கின்றன. எலும்பின் இரு முனைகளுக்கும் தனித்தனிக் குழாய்கள் உள்ளன. ஆகவே ஓர் எலும்புக்கு ஒரே வாயில் மட்டும் இல்லை. ஆயினும் தண்டுப் பகுதியின் முதன்மை வாயில் ஊட்டத்துளையே ஆகும்.

இளமையும் இலண்டன் பயணமும்

ஜான் ஹண்டர் 1728 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கிழக்கு கில்பிரைடு ஊருக்கு அருகிலுள்ள லாங் கால்டர்வுட் என்னும் பண்ணையில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளுள் அவரே கடைசி. பள்ளிக் கல்வியில் அவருக்கு நாட்டம் இருக்கவில்லை. பறவைக் கூடுகளையும் எறும்புகளையும் தவளைகளையும் பார்த்துத் திரிவதிலேயே அவரது இளமை கழிந்தது. பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். சிறிது காலம் கிளாஸ்கோ நகரில் தம் சகோதரியின் கணவரிடம் மரவேலையில் உதவியாக இருந்தார் என்பர். கையால் செய்யும் நுண்ணிய வேலையில் அவருக்கிருந்த தேர்ச்சி பின்னாளில் பெரிதும் பயன்பட்டது.

1748ஆம் ஆண்டில், இலண்டனில் உடற்கூறியல் பள்ளி நடத்திவந்த தம் அண்ணன் வில்லியம் ஹண்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே பத்தாண்டுகளுக்கு மேல் உடல்களை அறுத்து ஆராய்வதிலும், மாதிரிகளைப் பதப்படுத்துவதிலும், மாணவர்களுக்குக் கற்பிப்பதிலும் ஈடுபட்டார். செல்சி மருத்துவமனையில் வில்லியம் செசல்டனிடமும், புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் பெர்சிவல் பாட்டிடமும் அறுவை மருத்துவம் பயின்றார். செசல்டன் எலும்புகளைப் பற்றிப் படங்களுடன் கூடிய சிறந்த நூல் ஒன்றை 1733இல் வெளியிட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் ஆராய்ச்சிக்கு உடல்கள் எவ்வாறு கிடைத்தன என்பதையும் மறைக்கலாகாது. சட்டப்படி கிடைத்தவை மிகச் சில. தேவையின் பெரும்பகுதி கல்லறைகளிலிருந்து களவாக எடுக்கப்பட்ட உடல்களால் நிறைவு செய்யப்பட்டது. இலண்டனின் உடற்கூறியல் பள்ளிகள் இவ்வழியையே சார்ந்திருந்தன. இன்று நாம் பயிலும் உடற்கூறியலின் ஒரு பகுதி, இசைவு கேட்கப்படாத ஏழை மக்களின் உடல்களிலிருந்து பெறப்பட்டது. உடல் தானம் செய்வோருக்கு மருத்துவ உலகம் ஏன் இத்தனை கடமைப்பட்டுள்ளது என்பதை இவ்வரலாறு உணர்த்தும்.

போர்க்களம் தந்த பாடம்

இடைவிடாத உழைப்பால் உடல்நலம் குன்றிய ஹண்டர், 1760இல் இராணுவ அறுவை மருத்துவராகப் பணியேற்றார். 1761இல் பிரான்சின் கரையோரத் தீவாகிய பெல்-ஈல் முற்றுகையிலும், அடுத்த ஆண்டு போர்ச்சுகலிலும் பணிபுரிந்தார். துப்பாக்கிக் காயம் என்றால் உடனே கீறி அகலப்படுத்திக் குண்டைத் தேடுவது அக்கால வழக்கம். ஆனால், காயமுற்று ஒளிந்திருந்ததால் மருத்துவரின் கை படாமலே சில நாட்களைக் கழித்த வீரர்கள், சிகிச்சை பெற்றவர்களைவிடத் தாழ்ந்த நிலையில் இல்லை என்பதை ஹண்டர் கவனித்தார். உடல் தன்னைத் தானே சீர்செய்யும் ஆற்றலைக் கெடுக்காமல் காப்பதே மருத்துவரின் முதற் கடமை என்னும் கருத்து அவருள் வேரூன்றியது. துப்பாக்கிக் காயங்கள், இரத்தம், அழற்சி ஆகியவை பற்றிய அவரது பெருநூல் அவர் மறைந்த பின்னர் 1794இல் வெளிவந்தது.

1763இல் இலண்டன் திரும்பிய அவர், 1767இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஏறத்தாழ அதே காலத்தில் அவரது குதிகால் தசைநாண் அறுந்தது. படுக்கையில் முடங்காமல், குதிகாலை உயர்த்திக் கட்டிக்கொண்டு நடமாடியவாறே அது ஆறும் முறையைக் கவனித்தார். பின்னர் நாய்களில் அதே தசைநாணை வெட்டி, அது இணையும் படிநிலைகளை ஆராய்ந்தார். 1768இல் புனித ஜார்ஜ் மருத்துவமனையின் அறுவை மருத்துவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1770இல் அவரிடம் மாணவராகச் சேர்ந்தவர்களுள் ஒருவர் எட்வர்டு ஜென்னர். ஊகித்துக்கொண்டிராமல் செய்து பார்த்து அறியவேண்டும் என்று ஹண்டர் அவருக்கு ஊட்டிய பழக்கம், பின்னாளில் பெரியம்மைத் தடுப்பூசி உருவாவதற்குத் துணைநின்றது.

எலும்பு எவ்வாறு நீள்கிறது?

குழந்தையின் தொடை எலும்பு வளர்ந்தவரின் தொடை எலும்பாக நீள்வது எப்படி? மாவை இழுப்பது போல எலும்பு முழுவதும் சீராக நீள்கிறதா, அல்லது குறிப்பிட்ட இடங்களில் மட்டும் புதிய எலும்பு சேர்கிறதா? அக்காலத்தில் இது தீராத வினாவாக இருந்தது.

இதற்கு வழிகாட்டியது ஒரு தற்செயல் நிகழ்வு. சாயப்பட்டறைக் கழிவைத் தின்று வளர்ந்த பன்றிகளின் எலும்புகள் சிவந்திருப்பதை ஜான் பெல்ச்சியர் என்னும் இலண்டன் அறுவை மருத்துவர் 1736இல் அறிவித்தார். மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த சாயவேரே அதற்குக் காரணம். அவ்வேரை உண்ணும் காலத்தில் புதிதாக உருவாகும் எலும்பு மட்டுமே சிவக்கும். பழைய எலும்பு வெண்மையாகவே இருக்கும். பிரான்சின் துயாமெல் இதனைக் கொண்டு விரிவான சோதனைகளை நடத்தினார். ஹண்டர் அச்சோதனைகளை விலங்குகளில் மீண்டும் செய்து, மேலும் முன்னெடுத்துச் சென்றார்.

அவர் செய்த மற்றொரு சோதனை எளிமையானது. வளரும் இளம் விலங்கின் கால் எலும்புத் தண்டில் இரண்டு துளைகள் இட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் ஈயக் குண்டை வைத்தார். விலங்கு வளர்ந்த பின்னர் எலும்பை எடுத்து அளந்தார். எலும்பு நீண்டிருந்தது, ஆனால் இரு குண்டுகளுக்கும் இடைப்பட்ட தொலைவு கூடவில்லை. எனவே தண்டின் நடுப்பகுதி நீள்வதில்லை என்பதும், முனைகளில் புதிய எலும்பு சேர்வதாலேயே நீளம் கூடுகிறது என்பதும் உறுதிப்பட்டன. எலும்பு பருமனாகும்போது வெளிப்புறத்தில் புதிய எலும்பு படிய, உட்புறத்தில் பழைய எலும்பு உடலாலேயே அகற்றப்படுகிறது என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். கட்டுதலும் நீக்குதலும் ஒருங்கே நிகழ்வதால்தான் எலும்பு தன் வடிவம் மாறாமல் பெரிதாகிறது. எலும்பு வளர்ச்சி குறித்த அவரது குறிப்புகள் அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறின.

துளையின் சாய்வும் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாடும்

ஊட்டத்துளை எலும்புச் சுவரினுள் நேராகச் செல்லாமல் சாய்வாகச் செல்வதற்கான விளக்கம் இந்த அறிவின் மீதே எழுந்தது. எலும்பின் இரு முனைகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. தொடை எலும்பில் கீழ்முனையும், கீழ்க்காலின் பெரிய எலும்பாகிய டிபியாவில் மேல்முனையும் மிகுதியாக வளர்கின்றன. அதாவது, காலின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முழங்காலைச் சுற்றியே நிகழ்கிறது. விரைந்து வளரும் முனையை நோக்கி எலும்பின் மேலுறை இழுபடும்போது, அதன் வழியே நுழையும் தமனியின் வாயிலும் அத்திசையில் இழுபடுகிறது. அதனால் தமனி எலும்பினுள் எதிர்த்திசையில் சாய்ந்து செல்கிறது. தொடை எலும்பின் ஊட்டத்துளை இடுப்பை நோக்கியும், டிபியாவின் ஊட்டத்துளை கணுக்காலை நோக்கியும் சாய்ந்திருப்பதன் காரணம் இதுவே. துளையின் சாய்வுக்கும் எலும்பு முனைகளின் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பிரான்சின் பெரார் 1835இல் விதியாக எடுத்துரைத்தார்.

துளையின் எண்ணிக்கையும் இடமும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பொதுவாகக் காணப்படும் அமைப்பு பின்வருமாறு:

தொடை எலும்பு: பின்புறத்தில் நெடுக ஓடும் வரம்பின் அருகே ஒன்று அல்லது இரண்டு துளைகள் இருக்கும்.

டிபியா: பெரும்பாலும் ஒரே துளை, பின்புறத்தில், எலும்பின் மேல் மூன்றில் ஒரு பகுதியில் அமைந்திருக்கும். சிலருக்குச் சற்றுக் கீழே, நடுப்பகுதியில் இருக்கும்.

ஃபிபுலா எனப்படும் கீழ்க்காலின் மெல்லிய வெளியெலும்பு: பெரும்பாலும் நடுப்பகுதியில் ஒரு துளை. சிலருக்கு இரண்டு துளைகள். சிலருக்குத் துளையே புலப்படுவதில்லை. அத்தகையோருக்கு மேலுறைக் குழாய்களே எலும்பைக் காக்கின்றன.

இவ்வேறுபாடுகள் நோயல்ல. ஆனால் மருத்துவருக்கு இவை இன்றியமையாத செய்திகள். டிபியாவில் துளை மேற்பகுதியிலேயே இருப்பதால், தமனி எலும்பினுள் நெடுந்தொலைவு இறங்கிச் செல்கிறது. தண்டு முறியும்போது அத்தமனியும் அறுந்துபோகலாம். அப்போது கீழ்ப்பகுதி மேலுறைக் குழாய்களையே பெரிதும் நம்பியிருக்க நேரிடும். அப்பகுதியைச் சுற்றித் தசைப்பிடிப்பும் குறைவு. கணுக்காலுக்குச் சற்று மேலே ஏற்படும் முறிவுகள் ஆறுவதற்குக் காலம் பிடிப்பதற்கு இவை முக்கியக் காரணங்கள். தாடை எலும்பை இழந்தவருக்கு ஃபிபுலாவை அதன் இரத்தக்குழாய்களுடன் எடுத்துப் பொருத்தும் அறுவையிலும், குழாய்களின் அமைப்பை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம்.

1785: ஒரு வண்டியோட்டியின் கால்

முழங்காலின் பின்குழியில் உள்ள தமனி புடைத்து, துடிக்கும் கட்டியாக மாறும் நோய் அக்காலத்தில் குதிரைவண்டி ஓட்டுநர்களிடம் அடிக்கடி காணப்பட்டது. கட்டி வெடித்தால் மரணம் நேரும். கட்டியைத் திறந்து தமனியை அதற்கு மேலும் கீழும் கட்டும் முறை இருந்தது. அதில் உயிர் பிழைத்தோர் குறைவு. ஆகவே காலைத் தொடையளவில் துண்டிப்பதையே பலர் பரிந்துரைத்தனர். ஹண்டரின் ஆசிரியராகிய பாட்டின் கருத்தும் அதுவே. மயக்க மருந்து இல்லாத காலம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஹண்டர் வேறு விதமாகச் சிந்தித்தார். கட்டிக்கு அருகிலுள்ள தமனி நோயுற்றது. அங்கே கட்டினால் அறுந்துவிடும். சற்று மேலே, தொடையின் நடுவில், நலமான பகுதியில் கட்டினால் என்ன? அவ்வாறு கட்டினால் கீழ்க்காலுக்கு இரத்தம் எவ்வாறு செல்லும்? ரிச்மண்டு பூங்காவில் ஒரு மானின் கழுத்துத் தமனியைக் கட்டியபோது, வளரும் கொம்பு குளிர்ந்து போனதையும், சில நாட்களில் பக்கவழிக் குழாய்கள் விரிந்து கொம்பு மீண்டும் வெதுவெதுப்பானதையும் அவர் கண்டார் என்று கூறப்படுகிறது. இதற்கு முன்னரே, ஒரு குழாய் அடைபட்டால் மற்றவை விரியும் என்பதைப் பல அறுவை ஆய்வுகளில் அவர் அறிந்திருந்தார்.

1785 டிசம்பரில், புனித ஜார்ஜ் மருத்துவமனையில் 45 வயதுடைய வண்டியோட்டி ஒருவருக்குத் தொடைத் தமனியைத் தொடையின் நடுப்பகுதியில் கட்டினார். கால் அழுகவில்லை, கட்டி சுருங்கியது. ஏறத்தாழ ஆறு வாரங்களில் அம்மனிதர் வீடு திரும்பி, மீண்டும் வண்டி ஓட்டத் தொடங்கினார். 1787இல் வேறொரு காய்ச்சலால் அவர் இறந்தபோது, ஹண்டர் அக்காலைப் பெற்று ஆராய்ந்தார். கட்டிய இடத்தில் தமனி அடைபட்டிருந்தது. கட்டி சுருங்கிக் கெட்டிப்பட்டிருந்தது. பக்கவழிகளால் கால் உயிரோடிருந்தது. பின்னர் இதே அறுவையைச் செய்துகொண்ட நான்காவது நோயாளி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார். தொடையில் தமனி செல்லும் அப்பாதை இன்றும் ஹண்டர் கால்வாய் என்றே மருத்துவ நூல்களில் வழங்கப்படுகிறது.

அவரது வாழ்வின் நிழற்பகுதி

அயர்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் பைர்ன் மிக உயரமான மனிதர். அவரது எலும்புக்கூட்டின் உயரம் ஏறத்தாழ 2.31 மீட்டர். 1783இல் 22ஆம் வயதில் அவர் இறந்தார். தம் உடல் உடற்கூறியலாளரின் கையில் சிக்கக் கூடாது என்றும், கடலில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்றும் அவர் விரும்பியிருந்தார். ஹண்டர் பணம் கொடுத்து அவ்வுடலைப் பெற்று, எலும்புக்கூட்டைத் தம் காட்சியகத்தில் வைத்தார்.

1909இல் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டை ஆராய்ந்து, பிட்யூட்டரி சுரப்பி அமையும் குழி பெரிதாகியிருப்பதைக் கண்டார். வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரந்ததே பைர்னின் உயரத்திற்குக் காரணம். ஹண்டர் தம் சோதனைகளில் கண்டறிந்த எலும்பு முனை வளர்ச்சி, பைர்னின் உடலில் உரிய காலத்தில் நிற்கவில்லை. இவ்வறிவு பயனுடையதே. ஆயினும் இறந்தவரின் விருப்பத்தை மீறிப் பெற்றது என்பதனால் அதன் மீதுள்ள கறை நீங்காது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் காட்சியில் இருந்த அவ்வெலும்புக்கூடு, இனிக் காட்சிக்கு வைக்கப்படாது என்று 2023இல் அருங்காட்சியகம் அறிவித்தது. ஹண்டரின் சிறப்பைக் கூறுவோர் இதனையும் சேர்த்தே கூறுதல் நேர்மையாகும்.

இறுதி ஆண்டுகள்

1773 முதல் ஹண்டருக்கு நெஞ்சுவலி இருந்துவந்தது. சினம் கொள்ளும்போது வலி மிகும் என்பதை அவரே அறிந்திருந்தார். 1793 அக்டோபர் 16 அன்று, புனித ஜார்ஜ் மருத்துவமனையில் நடைபெற்ற நிர்வாகக் கூட்டத்தில் எழுந்த வாக்குவாதத்தின்போது கூட்டத்தை விட்டு வெளியேறி, அடுத்த அறையில் சாய்ந்து உயிர்நீத்தார். உடற்கூறாய்வில் அவரது இதயத் தமனிகள் கெட்டிப்பட்டிருந்தமை தெரியவந்தது.

தம் வருவாய் முழுவதையும் மாதிரிகளைத் திரட்டுவதிலேயே செலவிட்டதால், குடும்பத்திற்குக் கடனே மிஞ்சியது. அவரது இளம் உதவியாளர் வில்லியம் கிளிஃப்ட், சொற்ப ஊதியத்தில் ஆண்டுக்கணக்கில் அத்தொகுப்பைக் காத்து நின்றார். 1799இல் பிரிட்டிஷ் அரசு 15,000 பவுண்டு கொடுத்து அதனை வாங்கி, அறுவை மருத்துவர் சங்கத்திடம் ஒப்படைத்தது. ஆனால் ஹண்டரின் கையெழுத்துப் படிகளுள் பெரும்பகுதியை அவரது மைத்துனர் எவரார்டு ஹோம் 1823இல் எரித்துவிட்டார். கிளிஃப்ட் முன்னரே படியெடுத்து வைத்திருந்த பகுதிகளே எஞ்சின. 1941இல் விழுந்த குண்டுகளால் தொகுப்பின் பெரும்பகுதியும் அழிந்தது. 1859இல் ஹண்டரின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்திற்கு மாற்றி அடக்கம் செய்யப்பட்டது.

இன்று நாம் அறிய வேண்டியவை

எலும்பு ஆறுவது அதற்குச் செல்லும் இரத்தத்தைப் பொறுத்தது என்பதே ஹண்டரின் வாழ்விலிருந்து நாம் பெறும் பயனுள்ள பாடம். பின்வருவனவற்றைக் கவனத்திற்கொள்ளுங்கள்:

எக்ஸ்-ரேயில் கோடு தெரிந்தால் தாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊட்டத்துளையின் கோடு ஓரங்கள் சீராக, எலும்புச் சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் சாய்வாகச் செல்லும். முறிவாயின் அவ்விடத்தில் அழுத்தினால் வலியும் வீக்கமும் இருக்கும்.

முறிந்த காலில் இறுக்கமான கட்டுகளைப் போடாதீர்கள். மேலுறைக் குழாய்களும் தசைகளின் இரத்த ஓட்டமும் தடைபட்டால், முறிவைவிடப் பெருங்கேடு விளையும்.

மாவுக்கட்டு போட்ட பின் தாங்கமுடியாத வலி, விரல்கள் வெளிறுதல் அல்லது நீலமாதல், குளிர்ச்சி, மரத்துப்போதல், விரல்களை அசைக்க இயலாமை ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், இரவென்றும் பகலென்றும் பாராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆம்புலன்ஸ் தேவைப்படின் 108 எண்ணை அழையுங்கள்.

புகைப்பிடித்தல் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, எலும்பு இணைவதைத் தாமதப்படுத்துகிறது. முறிவு ஆறும் வரையிலேனும் அறவே தவிருங்கள். முற்றிலும் விடுவது மேலும் நன்று.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், கால்களை நாள்தோறும் கவனிப்பதும் இன்றியமையாதவை.

முழங்காலின் பின்புறத்தில் துடிக்கும் கட்டி தென்பட்டால் அதனை அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. ஹண்டர் காலத்தில் காலையோ உயிரையோ விலையாகக் கேட்ட அந்நோய்க்கு, இன்று ஸ்கேன் மூலம் கண்டறிந்து சிகிச்சை அளிக்கும் வசதிகள் உள்ளன.

இக்கட்டுரை பொது விழிப்புணர்வுக்கானது. மருத்துவரை நேரில் கண்டு பெறும் ஆலோசனைக்கு இது மாற்று ஆகாது.